கிராஞ்சியில் ஒரு கலன் வையுங்கள்

காளான் பறித்தபின் மிஞ்சும் கழிவிலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹே ஜியான்சோங் குழு பிரித்தெடுத்த பாக்டீரியாவின் பெயர் டிஜி57. 2018இல் ஆய்வு வெளியானது. செடிகொடிகளின் நாரான செல்லுலோசை அது தானே உடைத்து, தானே பியூட்டனாலாக மாற்றும். மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை. பெட்ரோலுடன் கலக்கக்கூடிய எரிபொருள் பியூட்டனால். பெருமைதான்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில், சுத்தமான செல்லுலோசை ஊட்டி வளர்த்தபோது லிட்டருக்கு 1.93 கிராம் பியூட்டனால் கிடைத்தது. அதாவது ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி. அதைக் காய்ச்சிப் பிரிக்கச் செலவாகும் வெப்பம், கிடைக்கும் எரிபொருளையே விழுங்கிவிடும். இந்த எண்ணை உயர்த்தும் வேலை, பாக்டீரியாவுக்கு நாம் அமைத்துத்தரும் சூழலைப் பொறுத்தது.

இது சூடு விரும்பும் இனம். காளான் உரக்குவியலின் நடுப்பகுதி கை வைக்க முடியாதபடி கொதிக்குமே, அந்தச் சூடு. நம் வெயில் போதாது. 55 டிகிரி அளவில் இரவும் பகலும் வைத்திருக்க வேண்டும். காற்று துளியும் புகக்கூடாது. இந்த வகை நொதித்தலில் முதலில் அமிலங்கள் சேரும், பிறகே அவை பியூட்டனாலாக மாறும். புளிப்பு வேகமாக ஏறிவிட்டால் பாக்டீரியா பாதியிலேயே வேலையை நிறுத்திவிடும். எல்லாம் கூடிவந்தாலும், சேரும் பியூட்டனாலே அதற்கு நஞ்சு. அவ்வப்போது வெளியே எடுத்தாக வேண்டும். இவற்றில் ஒன்றும் தலைப்புச் செய்தி ஆகாது. அதனால்தான் பணமும் எளிதில் வருவதில்லை.

நிஜத்தில் அதற்கு ஊட்டக் கிடைக்கும் சாலையோரக் கிளைகளும் வெட்டிய புல்லும் ஆய்வுக்கூடச் செல்லுலோஸ் அல்ல. ஈரம், மண், நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் எல்லாம் கலந்தவை. அந்தத் தீனியில் டிஜி57 எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்ணாடிக் குடுவை சொல்லாது.

இந்தக் கழிவை எரித்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். சுங்கை காடுட்டில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஏற்கெனவே உண்டு. நல்லதுதான், காய்ந்த மரத்துக்கு. ஈரப்புல் அப்படி எரியாது. எரித்தாலும் வண்டியில் ஊற்றும் எரிபொருள் கிடைக்காது. ஓர் எரியாலையில் வீணாகும் வெப்பமே பக்கத்து நொதித்தல் கலனை 55 டிகிரியில் வைத்திருக்கப் போதும். இரண்டும் அண்டைவீட்டாராக இருக்கலாம்.

கலனை வைக்க இடத்துக்கும் பஞ்சமில்லை. கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிக் குதிரை ஓடிவிட்டது. 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்புகிறது. அங்கே வீடுகள் வரட்டும். அதை ஒட்டிய சுங்கை காடுட் சுற்றுச்சூழல் வட்டாரத்தில் 18 ஹெக்டர் வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே பண்ணைகள் இருப்பதால் கழிவைத் தேடித் தீவைச் சுற்ற வேண்டியதில்லை.

அரசின் தொழில்நில அமைப்பான ஜேடிசி கழகம் அந்தப் பூங்காவில் ஒரு மூலையைச் சோதனைக் கலனுக்கு ஒதுக்க வேண்டும். கிராஞ்சிக் கழிவையே அதற்கு ஊட்ட வேண்டும். நொதித்தல் கெட்டுப்போன நாள்களின் கணக்கையும் ஒளிக்காமல் வெளியிட வேண்டும். காத்திருக்க நேரமில்லை: கழிவைக் கொட்டும் செமக்காவ் நிரப்புநிலம் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசே சொல்லியிருக்கிறது.