சொகுசுக் கப்பல்: ஏறும் விலையும் இறங்கும் விலையும்

நாமக்கல் அருகே கோழிப் பண்ணை நடத்திவரும் என் பழைய மாணவர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் சேலத்தில் என் இல்லத்துக்கு வந்திருந்தார். பண்ணைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். கடலில் ஒருமுறை பயணம் செய்ய வேண்டும் என்பது அவருடைய மனைவியின் நெடுநாள் விருப்பம். கைப்பேசியில் இருந்த ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சார், இந்தக் கப்பல்ல ஒரு தடவை போய்ட்டு வரலாமுங்களா? போட்டிருக்கிற விலை நெசந்தானுங்களா?" என்று கேட்டார். நபர் ஒருவருக்கு இவ்வளவு 'முதல்' என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை. அதன் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத நான்கு வரிகள்.

அறிவிக்கப்படும் விலைக்கும் கைமாறும் விலைக்கும் இடையே உள்ள தொலைவு அவருக்குப் புதிதன்று. முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் ஒரு விலையை அறிவிக்கிறது. வியாபாரியோ 'மைனஸ்' என்று சில பைசாக்களைக் கழித்துக்கொண்டுதான் பண்ணையாளருக்குத் தருகிறார். "உங்கள் தொழிலில் மைனஸ், கப்பல் தொழிலில் பிளஸ். அவ்வளவுதான் வேறுபாடு" என்றேன். சிரித்தார். ஆனால், அந்தப் 'பிளஸ்' எவ்வளவு, யார் அதை முடிவு செய்கிறார்கள், தகராறு வந்தால் எந்த ஊரில் வழக்குத் தொடுப்பது என்ற கேள்விகள் சிரித்துக் கடந்துபோகக் கூடியவை அல்ல.

கொங்குப் பகுதியின் சமவெளிகளில் பிறந்தவர்களுக்குக் கடல் எப்போதும் சற்றுத் தொலைவானதே. எங்கள் தலைமுறைக்கு நீர்ப்பயணம் என்றால் ஒகேனக்கல் பரிசலும் மேட்டூர் அணையும்தான். தஞ்சை, நாகை மாவட்டத்தவரின் நிலை வேறு. நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ராஜுலா', அதன் பின்னர் வந்த 'எம்.வி. சிதம்பரம்' ஆகிய கப்பல்களின் பெயர்கள் அங்குள்ள குடும்பங்களின் நினைவில் இன்றும் உள்ளன. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் 'சிதம்பரம்' தீப்பிடித்துப் பல உயிர்கள் பலியான பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. அவை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மனிதர்களைக் கொண்டு சேர்த்த கப்பல்கள். இன்றைய சொகுசுக் கப்பலில் பயணமே விற்பனைப் பொருள். புறப்பட்ட துறைமுகத்திலேயே பெரும்பாலும் திரும்பி வந்து இறங்குகிறோம்.

சென்னையிலிருந்து இத்தகைய பயணத்தை 2022 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்னும் அக்கப்பல், அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. அதே நாளில் ரூ.17.21 கோடியில் அமைந்த பன்னாட்டுப் பயணக் கப்பல் முனையமும் சென்னைத் துறைமுகத்தில் திறந்துவைக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு தொடங்கிய 'குரூஸ் பாரத்' இயக்கம், 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. பொதுப்பணத்தில் முனையமும் அரசின் ஆதரவும் கிடைத்திருக்கும் ஒரு தொழிலில், பயணியின் உரிமை என்ன என்பதை மட்டும் சீட்டின் பின்பக்கத்துக்கு விட்டுவிட்டோம் என்பதே என் கவலை.

நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்து பினாங்கு சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம் ஒன்றை மேற்கொண்டோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு இதைவிட எளிதான சுற்றுலா இல்லை. நாளொரு விடுதி மாறிப் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் தொல்லை இல்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் கப்பல் முழுவதும் சுற்றி வந்தார்கள். அதிகாலையில் மேல்தளத்தில் நின்று, நான்கு புறமும் கரையே தெரியாத நீர்ப்பரப்பில் சூரியன் எழுவதைப் பார்த்த என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. சைவ உணவுக்கும் குறைவில்லை. மூன்றாம் நாள் ஒரு கரண்டி ரசத்துக்கு மனம் ஏங்கியது உண்மை.

கணக்கு வேறு கதை. விளம்பர விலை என்பது ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துச் சன்னலில்லாத உள்ளறைக்குச் சொல்லப்பட்டது. துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. பணியாளர் அன்பளிப்பு என்று ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு டாலர் எனக் கணக்கில் தானாகவே ஏறியது. இணையத்துக்கு ஒரு தொகை. பினாங்கில் இறங்கி ஊர் பார்க்க ஒரு தொகை. கப்பலுக்குள் பணம் புழங்குவதில்லை. அறையைத் திறக்கும் அட்டையே பணப்பையும் ஆகிவிடுகிறது. கையில் நோட்டை எண்ணித் தரும்போது வரும் தயக்கம் அட்டையை நீட்டும்போது வருவதில்லை. இறங்கும் நாள் காலையில் கதவிடுக்கில் செருகப்பட்ட கணக்குத் தாளைப் பார்த்தபோது, விளம்பர விலையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. நாங்கள் மது அருந்துவோரும் அல்லர், சூதாட்டக் கூடத்துப் பக்கம் போனவர்களும் அல்லர்.

இரண்டாம் இரவில் என் மனைவிக்குச் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வந்தது. கப்பல் மருத்துவர் நன்றாகவே கவனித்தார். ஆனால், கப்பல் மருத்துவமனை தனியார் மருத்துவமனை, கட்டணம் டாலரில். இந்தியாவில் ஆண்டுதோறும் நான் பணம் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு, பெரும்பாலான இந்தியக் காப்பீடுகளைப் போலவே, நாட்டின் எல்லைக்கு வெளியே செல்லாது. பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். அதன் விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா' என்ற கேள்விக்கு முகவர் அலுவலகத்துப் பையன் 'இல்லை' என்று குறித்திருக்கிறான். நான் படிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன். கோரிக்கை தள்ளப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் தகவல் சமச்சீரின்மையை விளக்கிய ஒருவனுக்கு இது தேவையான பாடம்தான்.

இந்த விலையமைப்பு தற்செயலானதன்று. கப்பல் ஓடுவதற்கான எரிபொருள், ஊழியர், கடன் வட்டி எல்லாம் நிலையான செலவு. அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் மாறாது. புறப்பட்டுவிட்ட கப்பலின் காலி அறை, விற்காமல் அழுகிய தக்காளியைப் போன்றது. எனவே, அறையை எந்த விலைக்கேனும் நிரப்பிவிட்டு, ஏறியவரிடம் உள்ளே வைத்துச் சம்பாதிப்பதே இத்தொழிலின் அடிப்படைக் கணக்கு. உலகின் மிகப் பெரிய நிறுவனமான கார்னிவலின் 2023ஆம் ஆண்டு வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானது, சீட்டு விற்பனைக்கு வெளியே கப்பலுக்குள் நடந்த செலவு முதலியவற்றிலிருந்து வந்ததாகும். அன்பளிப்புக் கட்டணமும் இக்கணக்கின் ஒரு பகுதியே: ஊழியர் கூலியின் ஒரு பங்கை முதலாளியின் செலவுக் கணக்கிலிருந்து பயணியின் கணக்குக்கு மாற்றும் ஏற்பாடு அது. அதைக் கொடுக்காமல் இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அறையைத் துடைப்பவரின் வீட்டுக்குத்தான் அதனால் நட்டம்.

விலையின் கூறுகளை முதலிலேயே சொல்லாமல், வாங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சொட்டுச் சொட்டாக வெளியிடும் இம்முறைக்கு இந்தியச் சட்டத்தில் பெயரே உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைத் தடை செய்கின்றன. 'சொட்டு விலை' அவற்றுள் ஒன்று. இந்தியாவில் தொடர்ந்து பொருளோ சேவையோ விற்கும் எவருக்கும் அவை பொருந்தும். நெறி இருக்கிறது, கப்பல் விளம்பரங்களின் நட்சத்திரக் குறியும் அப்படியே இருக்கிறது.

கட்டுப்படுத்தினால் கப்பல்கள் வேறு துறைமுகம் தேடிப் போய்விடும் என்பது வழக்கமான எதிர்வாதம். கலிபோர்னியா மாநிலம் மறைமுகக் கட்டணங்களுக்கு எதிரான சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பெரிய கப்பல் நிறுவனங்கள் அம்மாநிலத்தை விட்டு ஓடவில்லை. துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்த விலையையே அமெரிக்கா முழுவதற்கும் விளம்பரப்படுத்தத் தொடங்கின. சான்பிரான்சிஸ்கோ பயணிக்குச் சொல்லக்கூடிய முழு விலையைச் சேலத்துப் பயணிக்குச் சொல்வதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

விலையைவிடப் பெரிய கேள்வி, ஒப்பந்தம். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் என்ற தம்பதியர் கார்னிவல் கப்பலில் சென்றபோது, மனைவி கப்பலுக்குள் வழுக்கி விழுந்து காயமுற்றார். தம் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தார். சீட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனையின்படி நாட்டின் மறுகோடியில் உள்ள புளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்றது நிறுவனம். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரே நாட்டுக்குள் அந்த நிலை. பஹாமாஸ், பனாமா, மால்டா எனப் பிற நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் ஏறும் ராசிபுரத்துக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இங்கே நமக்கு ஒரு பற்றுக்கோடு உண்டு. பலர் அதை அறிவதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும்; சேலத்திலும் நாமக்கல்லிலும் அது இயங்குகிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையே கேள்விக்குள்ளாக்க மாநில ஆணையத்துக்குச் செல்லலாம். ஆனால், எதிர்தரப்பு ஒன்று இந்தியாவில் இருந்தால்தான் இதன் முழுப் பயன் கிட்டும். வெளிநாட்டு இணையத்தளத்தில் மகன் அங்கிருந்தே சீட்டு வாங்கித் தந்திருந்தால், தீர்ப்புப் பெறுவது ஒன்று, அதை நிறைவேற்றுவது இன்னொன்று. நூறு இருநூறு டாலர் கூடினாலும், ரசீது தரும் உள்ளூர் முகவரிடம் வாங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

வழித்தடமும் உறுதியானதன்று. 2022 ஜூன் மாதத்தில் 'எம்பிரஸ்' புதுச்சேரிக்கு அருகே வந்தபோது, கப்பலில் சூதாட்டம் நடப்பது குறித்து எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரி அரசின் அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் கரையிறங்காமலேயே கப்பல் திரும்பியது. விளம்பரத்தில் இருந்த ஊரை அவர்கள் கடலிலிருந்துதான் பார்க்க முடிந்தது. துறைமுகத்தை மாற்றவும் கைவிடவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஏறக்குறைய எல்லாக் கப்பல் சீட்டுகளும் சொல்கின்றன. புயலுக்காக மாற்றுவது பயணியின் உயிருக்காக. அதில் குறை காண முடியாது. அனுமதி பெறாத ஊரை விளம்பரத்தில் சேர்ப்பது வேறு வகை. இரண்டையும் ஒரே நிபந்தனையின் கீழ் ஒளித்துவைக்க இடம் தரக்கூடாது.

விசா பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு சென்று திரும்புகிறவர் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறார். ஒருமுறை மட்டும் நுழையும் விசா அதற்குப் போதாது. ஐரோப்பியக் கப்பல்களிலும் இதே சிக்கல் உண்டு. அடுத்தது, பாதுகாப்புப் பயிற்சி. ஏறியவுடன் நடக்கும் அதை 'போட்டோ எடுக்கும் நேரம்' என்று கருதித் தவிர்ப்பவர்கள் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கவிழ்ந்த 'கோஸ்டா கன்கார்டியா'வில் 32 பேர் இறந்தனர்; அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அப்பயிற்சி அதுவரை நடத்தப்பட்டிருக்கவில்லை. குமட்டலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்கலாம். அங்கே ஆட்டம் குறைவு.

வசதி படைத்தோர் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கப்படலாம். என்னுடன் கப்பலில் இருந்த தமிழர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மகன் அனுப்பிய பணத்தில் வந்த பெற்றோர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்யும் செலவு இது. ஏமாந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ள வாய்ப்பில்லாத சந்தை. அடிக்கடி வாங்கும் பொருளில் நுகர்வோரின் அனுபவமே விற்பவருக்குக் கடிவாளம். இங்கே அந்தக் கடிவாளம் இல்லை. ஆகவே, இந்தியத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் எந்தக் கப்பலும், இந்தியாவில் சீட்டு விற்கும் எந்த முகவரும், அன்பளிப்பு உட்பட முழு விலை, ரத்து விதிகள், மருத்துவக் கட்டணம், வழக்கிடும் இடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், பயணியின் மொழியில், பணம் பெறுமுன் தர வேண்டும் என்பதைத் துறைமுக அனுமதியின் நிபந்தனையாகவே ஆக்கலாம். புதிய சட்டம் தேவைப்படாத சீர்திருத்தம் இது.

என் மாணவர் சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். முகவரிடம் விடாப்பிடியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிவிட்டாராம். விளம்பரத்தில் ஒற்றை வரியாக இருந்த விலை, அதில் ஏழு வரிகளாக விரிந்திருந்தது. பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற வரி மட்டும் இல்லை. அதையும் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கட்டச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறேன்.