நோயுற்ற கோழியும் நாம் கற்ற கல்வியும்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல், விலங்கியல்)

மாடு படுத்துவிட்டால் தெருவே கூடுகிறது. ஆடு நொண்டினால் அடுத்த வீட்டார் பச்சிலை தேடுகின்றனர். கோழி சுணங்கினால் மட்டும் அடுப்பில் உலை ஏறுகிறது. இது முறைதானா என்பதே என் கேள்வி.

எங்களுக்கு நிலம் இல்லை. அப்பா கூலி வேலைக்குச் செல்பவர். அம்மாவுக்கென்று இருந்த சொத்து பதினொரு நாட்டுக் கோழிகள். முதலாண்டில் என் தேர்வுக் கட்டணம் இரண்டு சேவல்களை விற்றே கட்டப்பட்டது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. கோழியும் ஆடும் படிக்க வைத்த மாணவர்கள் இக்கல்லூரியில் என்னைப்போல் பலர் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் செவலைக் கோழி இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கியது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது; வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அம்மா என்னிடம், "காலேசுல உசுருகளப் பத்தித்தானே படிக்கிற? இதுக்கு என்ன நோவுன்னு சொல்லு சாமி" என்றார். நான் விழித்தேன். வைரஸைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன், அது வாசலில் வந்து நின்றபோது அடையாளம் அறியவில்லை.

"உசுரு போறதுக்குள்ள அறுத்துருங்கப்பா, கறியாவது மிஞ்சும்" என்றார் அடுத்த வீட்டுப் பெரியம்மா. வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். நான் கோழியைக் கூடையில் வைத்து, மிதிவண்டியில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றேன். மருத்துவர் பார்த்தவுடன் சொன்னார்: வெள்ளைக் கழிச்சல். இராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே கண்டறியப்பட்ட இந்நோய், நம் நாட்டில் இராணிக்கெட் என்னும் மலையூரின் பெயரால் வழங்குகிறது. வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. வருமுன் தடுக்க ஊசி உண்டு.

கோழியைத் தனிப் பஞ்சாரத்தில், மற்றவற்றுக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். கம்பங்கஞ்சியின் தெளிவைச் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டோம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். நான்காம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஐந்தாம் நாள் இறந்தது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். ஆயினும் பிரித்து வைப்பதற்குள் நோய் பரவியிருந்தது. பத்து நாட்களில் மேலும் ஏழு போயின. மிஞ்சியவை மூன்று.

"வயிற்றுக்கே வழியில்லாத வீட்டில் கோழிக்கு வைத்தியமா?" என்று சிலர் கேட்கலாம். அந்த வீட்டுக்குத்தான் அது வேண்டும் என்பேன். நோயுற்ற கோழியைப் பிரித்து வைத்துப் பார்ப்பது அதன்பால் காட்டும் இரக்கம் மட்டுமன்று; எஞ்சிய கோழிகளுக்கு இடும் வேலி. அதை வியாபாரியிடம் தள்ளிவிட்டால் இன்னொரு தாயின் வாசலுக்கு நோயை அனுப்புகிறோம். அறுத்துக் குடலைக் குப்பையில் எறிந்தால் நம் தெருவுக்கே அதைப் பங்கிட்டுத் தருகிறோம்.

தடுப்புமுறை கடினமானதன்று. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து; எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. பின் ஏன் போடுவதில்லை? ஒரு குப்பியில் ஏராளமான கோழிகளுக்குப் போடும் மருந்து இருக்கிறது. கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். பத்துக் கோழி உள்ள வீடு தனியே என்ன செய்யும்? பத்து வீடுகள் ஒன்று கூட வேண்டும். கூட்டுவதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாமாக ஏன் இருக்கக் கூடாது? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையைச் சீர் செய்கிறோம். கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்கிறோம். கோடைக்கு முன் ஒரு நாள் காலையில் வீடு வீடாகச் சென்று கோழிகளைக் கணக்கெடுத்து, கால்நடை மருத்துவரை அழைத்து வந்து ஊசி போடச் செய்வோம். நலமான கோழிகளுக்கே ஊசி என்பதையும் எடுத்துச் சொல்வோம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

மிஞ்சிய மூன்றில் ஒன்று இப்போது அடைகாக்கிறது. இம்முறை அம்மா கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், குஞ்சு பொரித்த ஏழாம் நாள் மருந்தகத்துக்குப் போக வேண்டுமென்று. நான் படித்ததில் எங்கள் வீட்டுக்குப் பயன்பட்ட முதல் பாடம் இது.