கூட்டாளியைத் தூக்குகிற பாட்டா, காதல் பாட்டா?

 

போன கிழமை குறிகட்டுவானிலிருந்து வந்த படகில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பொடியன்கள் ஐந்தாறு பேர் ஒரு ஃபோனைச் சுற்றி இருந்து பாடிக்கொண்டு வந்தார்கள். இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ‘கண்மணி அன்போடு’ பாட்டு. ஒருவன் தோளில் மற்றவன் கை.

“அது காதல் பாட்டெல்லோ, ஆருக்கடா பாடுறியள்?” என்று பகிடியாகக் கேட்டேன்.

“இல்லை சேர், இது கூட்டாளியைத் தூக்குற பாட்டு. நீங்கள் படம் பாக்கேல்லையோ?”

மாவிலித்துறையில் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொடியன் சொன்ன படம் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’. 2024 பெப்ரவரியில் வந்த மலையாளப் படம். 2006இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன கொச்சிப் பக்கத்து இளைஞர்களில் ஒருவர் குகைக்குள் ஆழமான குழியில் விழுந்துவிட, கூட்டாளி ஒருவரே கயிற்றில் இறங்கி அவரை மீட்ட உண்மைக் கதை. மேலே நின்ற மற்றவர்கள் கயிற்றை இழுக்க, விழுந்தவர் வெளியே வருகிற நேரத்தில் இந்தப் பாட்டு வரும். கயிறு பிடித்துத் தோணி இழுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி ஏன் நெஞ்சில் ஒட்டியது என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் பாட்டு பிறந்தது அந்தப் படத்திற்கு அல்ல. 1991 தீபாவளிக்கு வந்த ‘குணா’வுக்கு. இளையராஜா இசை, வாலி வரிகள், பாடியது கமல்ஹாசனும் எஸ். ஜானகியும். மனநலம் சரியில்லாத ஒருவன், தெய்வமாக வந்த அபிராமி என்று நம்பி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், ஆள் நடமாட்டமில்லாத மலையில் வைத்திருக்கிறான். அவள் மனம் மெல்ல இளகுகிற இடத்தில் பாட்டு. அவன் சொல்லச் சொல்ல அவள் கடிதமாக எழுதுகிறாள். அந்தப் படம் எடுத்த குகைக்கு ‘பேயின் அடுக்களை’ என்ற பொருளில் ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. படத்திற்குப் பிறகு அது ‘குணா குகை’ ஆகிவிட்டது. ஒரு குகையின் பெயரையே மாற்றுகிற சினிமா, பாட்டைப் பற்றிய நம் மனதை மாற்றாமல் விடுமா?

இனி என் கதை. 1990 ஒக்ரோபர் கடைசியில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளம் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். அடுத்த கொட்டிலில் ஒரு ரேடியோ. அதில்தான் இந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டேன். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போய்வருகிற நானா, கிணற்றடியில் கை கால் கழுவும்போது இதைத்தான் முணுமுணுப்பார். கமல் முகம் எனக்குத் தெரியாது. பாட்டு என்றால் நானாவின் ஈரக்கால்களும் அந்திநேரமும்தான்.

பல வருடம் கழித்து வீடியோவில் ‘குணா’ பார்த்தேன். நல்ல நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாட்டு வந்தாலே அடைபட்ட அந்தப் பெண்தான் கண்ணுக்குள் நின்றாள். கிணற்றடி போய்விட்டது. எத்தனையோ வருடம் அந்தப் பாட்டை நானாகத் தேடிக் கேட்டதில்லை.

இதை வைத்து ‘சினிமா பாட்டைக் கெடுக்கிறது’ என்று சொல்ல வரவில்லை. நேர்மாறான உதாரணமும் என் வகுப்பிலேயே இருக்கிறது. பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ கவிதையை வாசி என்றால் பிள்ளைகள் வாசிப்பதில்லை, பாடுகிறார்கள். தண்டபாணி தேசிகர் அமைத்த அந்த மெட்டு, 1951இல் ‘ஓர் இரவு’ படத்தோடு வீடு வீடாகப் போனது. அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பிள்ளைகூட என் வகுப்பில் இல்லை. படத்தை மறந்துவிட்டார்கள், மெட்டும் கவிதையும் மிஞ்சிவிட்டன. அந்தப் படம் கவிதைக்கு உதவிதான் செய்திருக்கிறது.

என் பயம் வேறு. நல்ல இசை எந்தக் காட்சிக்குப் பின்னால் நின்றாலும் அந்தக் காட்சியை நல்லதாக்கிக் காட்டிவிடும். உயிரைப் பணயம் வைத்துக் கூட்டாளியைக் காப்பாற்றுகிறவனுக்கும் அதே மெட்டுத்தான். ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் கொண்டுபோய் வைத்திருப்பவனுக்கும் அதே மெட்டுத்தான். இரண்டுக்கும் நமக்குக் கண் கலங்குகிறது. கண் கலங்கியதாலேயே அங்கே நடந்தது சரி என்று நினைத்துவிடுகிறோம்.

மறுநாள் தரம் 11இல் பாடம் முடிந்தபின் இரண்டு படத்தின் கதையையும் சொன்னேன். பொடியன்கள் உற்சாகமாகக் கதைத்தார்கள். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி மட்டும் கேட்டாள்: “அந்த அக்கா தானா விரும்பி வந்தவவோ சேர்?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. ‘இல்லை, பிறகுதான் விரும்பினா’ என்று ஒருவன் சொன்னான். ‘விரும்பாமல் விட்டிருந்தால்?’ என்றாள் அவள். முப்பது வருடமாகத் தமிழுலகம் உருகிக் கேட்ட பாட்டு. எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் இந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. அந்தப் பிள்ளைக்கு என் நன்றி.

அதனால் என் கருத்து இதுதான். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக் கேட்பதைத் தடுக்காதீர்கள். தடுத்தாலும் நிற்காது. ‘எங்கள் காலத்துப் பாட்டை வேறு விதமாகப் பாடுகிறார்கள்’ என்று ஏசவும் வேண்டாம். படகில் பாடிய பொடியன்கள் அந்தப் பாட்டை எனக்குத் திருப்பித் தந்தார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பாட்டோடு வருகிற காட்சியைப் பற்றிக் கேளுங்கள். யார் பாடுகிறார்? யாருக்கு? கேட்பவருக்கு எழும்பிப் போக வழி இருக்கிறதா? பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டுமல்ல, ஆண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் கட்டாயமாகக் கேளுங்கள்.

மலையாளப் படம் ஓடியபின், அனுமதியில்லாமல் பாட்டைப் பயன்படுத்தியதாக இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். பாட்டின் உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பாட்டில் நாம் யாரைக் காண்கிறோம் என்பது நம்முடைய பாடு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புத்தளத்திலுள்ள நானாவுக்குப் போன் எடுத்தேன். “அந்தப் பாட்டைக் கேட்டால் உங்களுக்கு எந்தப் படம் ஞாபகம் வரும்?” என்றேன்.

“நான் ஒரு படமும் பார்க்கல்லையே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப ஏன் கிணற்றடியில் அதையே பாடினீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அது கடிதம் எழுதுற பாட்டுத்தானே. யாழ்ப்பாணத்தில என்னோட படிச்ச கூட்டாளிக்குக் கடிதம் எழுதி வச்சிருந்தன். போய்ச் சேருமோ எண்டு தெரியாம அனுப்பேல்ல. அந்தப் பாட்டுப் போகேக்க அவன்ட நினைவு வரும்.”

முப்பத்து நாலு வருடமாக இது எனக்குத் தெரியாது.

இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள், காட்சி வேண்டாம். வீட்டில் மூத்தவரிடம், கேட்கும்போது யார் முகம் வருகிறது என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். பின்வரிசைப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுவேன்.