இனிப்பில்லாத சைடருக்கு ஏன் கூடுதல் விலை?

அக்கம்பக்கப் பேரங்காடிகளின் மதுபான அடுக்கில் சைடருக்கு இப்போது தனி இடம் உண்டு. ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துத் தயாரிக்கும் இந்த மதுவை, பியரின் கசப்பு பிடிக்காதவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் இனிப்பில்லாத ‘டிரை’ சைடரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அடுக்கு முழுக்கப் பழச்சுவை இனிப்பு வகைகள். ஓரத்தில் டிரை ஒன்று இருந்தால் அதன் விலை கூடுதல்.

வரிதான் காரணம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரில் பியரைப் போலவே சைடருக்கும் ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி தீர்வை. 4.5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 330 மில்லிலிட்டர் போத்தலுக்கு அது ஏறக்குறைய 89 காசு. 6 விழுக்காடு என்றால் 1 வெள்ளி 19 காசு. அதன் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி.

சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முழுமையாகத் தின்று தீர்த்தால்தான் டிரை சைடர். தின்ற சர்க்கரை ஆல்கஹாலாக மாறுவதால் தீர்வையும் ஏறுகிறது. அதிலேயே தண்ணீரும் சர்க்கரையும் கலந்தால் தீர்வை இறங்கிவிடும். சர்க்கரைக்குத்தான் வரி இல்லையே!

இருந்தாலும், நம் கணக்கில் வித்தியாசம் வெறும் 30 காசு. கடையில் நான் பார்க்கும் இடைவெளி அதைவிடப் பெரிது. இனிப்பு வகைகள் பெரிய பியர் நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக வருகின்றன. டிரை வகைகளோ பெரும்பாலும் சிறு தயாரிப்பாளர்களிடமிருந்து சில பெட்டிகளாக வருபவை. கப்பல் கட்டணம், கடை வாடகை எல்லாம் அந்தச் சில போத்தல்களின் தலையில் விழுகின்றன.

விலையைவிட எனக்கு உறுத்துவது வேறு. குளிர்பானங்களில் 2022 டிசம்பர் இறுதி முதல் ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரை வந்துவிட்டது. சர்க்கரை எவ்வளவு என்று பார்த்த உடனே தெரியும். மதுபானங்களுக்கு அந்த விதி இல்லை. இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்று ஆண்டுதோறும் பேசும் ஊரில், குளிர்பானம் போல் தித்திக்கும் சைடர் மட்டும் முத்திரையின்றி விற்பனையாவது சரியா? அதையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை போத்தலின் பின்பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். சேர்பொருள் பட்டியல் இருந்தால், சர்க்கரை முன்வரிசையில் வருகிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் ‘டிரை’ என்று போட்ட சிலவும் நாக்கில் இனிக்கத்தான் செய்கின்றன. விலையை ஒப்பிடும்போது போத்தலுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். 330, 500 என அளவுகள் மாறுவதால் மலிவாகத் தெரிவது பல நேரம் மலிவாக இருப்பதில்லை.