கொரியா, ஜப்பான் ஏர்போர்ட்டில் வாடகை கார்: நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ - நிசான் கார் ஆலை, டெய்ம்லர் டிரக் ஆலை, வல்லம் வடகாலில் யமஹா. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியிலிருந்து பயிற்சி, ப்ராஜெக்ட் என்று கொரியா, ஜப்பான், ஜெர்மனிக்கு விமானம் ஏறும் இன்ஜினீயர்கள் நிறைய. வார நாட்களில் கம்பெனி வண்டி வந்துவிடும். வார இறுதியில் ஊர் சுற்ற? ஏர்போர்ட்டிலேயே ஒரு கார் எடுத்தால் என்ன என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால், அதற்கான வேலை சென்னையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஐடிபி என்றால் என்ன?

சர்வதேச ஓட்டுநர் அனுமதிதான் ஐடிபி. நம் லைசென்ஸை வெளிநாட்டு போலீஸ் படித்துப் புரிந்துகொள்வதற்கான ஆவணம் இது. இதை மட்டும் காட்டினால் போதாது. ஒரிஜினல் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கூடவே வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி இந்தியா இதை வழங்குகிறது. ஜப்பான் ஏற்பது இந்த ஒப்பந்தப்படியான ஐடிபியைத்தான். கொரியாவிலும் இது செல்லும். சீனா கதையே வேறு: அங்கே எந்த ஐடிபியும் செல்லாது.

முன்பு மாநிலத்துக்கு மாநிலம் ஐடிபியின் அளவும் நிறமும் மாறியதால் வெளிநாட்டில் பலர் சிக்கலைச் சந்தித்தார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுக்க ஒரே வடிவம் கொண்டுவந்து, க்யூஆர் கோடும் சேர்த்தது.

எப்படி வாங்குவது?

பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் விவரங்கள் தேவை. கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். லைசென்ஸ் அதற்கு முன்பே காலாவதியானால் அதுவரைதான். சொந்த ஊர் முகவரியில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள், எந்த ஆர்டிஓ அலுவலகம் என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்லைனில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று தனியார் தளங்கள் விற்பவற்றை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இனிஷியல் ஒரு பிரச்சினையா?

நமக்கு இது கொஞ்சம் ஸ்பெஷல் பிரச்சினை. லைசென்ஸில் பெயரோடு 'எஸ்' என்று இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே 'எஸ்' அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். கிரெடிட் கார்டில் மூன்றாவதாக ஒரு வடிவம்! கவுன்ட்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. மூன்றும் ஒரே ஆள்தானா என்று தயங்குவார். பரிவாகனிலேயே லைசென்ஸில் பெயர் மாற்ற விண்ணப்பிக்கலாம். ஐடிபிக்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

கவுன்ட்டரில் எதைக் கவனிக்க வேண்டும்?

டெபாசிட்டுக்கு, கார் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பது வழக்கம். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அடுத்து இன்ஷூரன்ஸ். விபத்தானால் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேளுங்கள். ரிப்பேர் செலவு இன்ஷூரன்ஸில் போனாலும், கார் ஓடாத நாட்களுக்கான இழப்பைத் தனியாக வசூலிப்பது ஜப்பானில் சாதாரணம். சாவி வாங்கியதும் காரை நான்கு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

ஜப்பானில் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால், 'ஃப்ரீ லெஃப்ட்' கிடையாது. சிவப்பு என்றால் நிற்க வேண்டும். கொரியாவிலும் ஜெர்மனியிலும் வலதுபக்கம்.

லீவுக்கு ஊருக்கு வந்து புது ஐடிபி வாங்கினால்?

நீண்ட நாள் போஸ்டிங்கில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டு வரைதான் ஐடிபியில் ஓட்டலாம். அங்கே குடியிருப்பாளராகப் பதிவு செய்தவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, புது ஐடிபியோடு 3 மாதத்துக்குள் திரும்பினால், கணக்கு புதிதாகத் தொடங்காது. பழைய தேதியே தொடரும். அந்த ஓராண்டு முடிந்திருந்தால், கையில் புது ஐடிபி இருந்தாலும் சட்டப்படி அவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார். இதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கல். வேலை, விசா என்று பிரச்சினை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வழி? இந்திய லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றுவதுதான். அதுவும் 2025 அக்டோபர் முதல் கடினமாகிவிட்டது. எழுத்துத் தேர்வில் 10 ஆக இருந்த கேள்விகள் இப்போது 50.

பெரிய கம்பெனிகள் விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் வாடகை கார் உங்கள் சொந்தப் பொறுப்பு. எனவே, ஆன்சைட் உறுதியானதும் எச்ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அங்கே நான் குடியிருப்பாளராகப் பதிவாவேனா? கம்பெனி இன்ஷூரன்ஸ் நான் கார் ஓட்டும்போது செல்லுமா? பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.