ஊர் போய்ச் சேராத படகு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரிவதேயில்லை. பாறசாலை ஸ்டேஷனில் பெயர்ப் பலகையைக் கவனித்தால் உண்டு. அவசரமில்லாதவர்கள் களியக்காவிளைவரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கேரள அரசின் சாதாரண பஸ்ஸில் ஏற வேண்டும். கண்ணாடிக்குப் பதில் சுருட்டிக் கட்டிய தார்ப்பாய் தொங்கும் ஜன்னல். கயிற்றை இழுத்து கண்டக்டர் அடிக்கும் மணி. நூறடிக்கு ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, பாறசாலையைத் தாண்டி நெய்யாற்றின்கரை போய்ச் சேருவதற்குள் ரப்பரும் வாழையும் மரச்சீனியும் நின்று நிதானமாகக் கடந்து போகும்.

1956 நவம்பர் 1 வரை இந்த வழியில் எல்லையே கிடையாது. எல்லாம் திருவிதாங்கூர். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடைசியில் விளவங்கோடு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் என்று முடிந்தது. மொழியை வைத்துப் போட்ட கோடு அது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், கோடு எந்த இடத்தில் வந்தது என்று சொல்வது கஷ்டம். மற்ற தமிழ்நாடு மரவள்ளி என்பதைக் குமரி மாவட்டம் மரச்சீனி என்கிறது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கும் அது மரச்சீனிதான், வடக்கே போனால்தான் கப்ப. நேந்திரனுக்கும் இரு பக்கமும் ஏத்தன். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான பிரதேசம். எந்த இடத்தில் மொழிபெயர்க்க ஆரம்பிப்பது?

நெய்யாற்றின்கரைக்கு அப்பால் பாலராமபுரம். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்களின் தறிகளில்தான் கேரளம் தன் அடையாளமாகக் கருதும் கசவு வேட்டி நெய்யப்படுகிறது. ஓணத்துக்கு மலையாளிகள் உடுத்துவது அதைத்தான்.

இனி படகு. நெய்யாற்றின்கரையில் பஸ் மாறினால், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு. அங்கே படகுத் துறைகளுக்குக் குறைவில்லை. அலையாத்தி மரங்களுக்கிடையே புகுந்து, கடலையும் ஆற்றையும் பிரிக்கும் மணல்திட்டைக் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கி விடுவார்கள். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவதைப் பயணம் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போகிறார். படகில் இருப்பவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

எங்கோ போவதற்காகவே இங்கே ஒரு நீர்வழி இருந்தது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். பத்மநாபசுவாமி, லண்டன் ராணி, திருவிதாங்கூர் மகாராஜா மூவரையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்திய சாமர்த்தியம்! சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய் என்பார்கள், வடபழனி ஸ்டுடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைப்பது திட்டம். 1860-இல் வெட்டத் தொடங்கினார்கள். கன்னியாகுமரியை அது எட்டவேயில்லை. ஆனால் பூவாறிலிருந்து தெற்கே, கடலோரக் கிராமங்களின் முதுகுப்புறமாகத் தேங்காய்ப்பட்டணம் பக்கம்வரை வள்ளங்கள் சரக்கும் ஆட்களும் ஏற்றிப் போயின.

சாலையும் லாரியும் வந்ததும் வள்ளத்துக்கு மவுசு போனது. இது எல்லா ஊர் கதைதான். இங்கே கூடுதலாக ஒன்று நடந்தது. 1956-இல் கால்வாயின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. ஒரே வாய்க்கால் இரண்டு பொதுப்பணித் துறைகளுக்குச் சொந்தமானால் அது யாருக்கும் சொந்தமில்லை என்றுதான் அர்த்தம். தமிழகப் பக்கத்தில் கால்வாய் மண்மேடிட்டு, ஆகாயத்தாமரை மூடி, ஆக்கிரமிப்பும் சாக்கடையுமாகக் கிடக்கிறது. நெய்யாறு அணையின் தண்ணீருக்கும் இதே கதி: இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்தது 2004-இல் நின்றது. தகராறு சுப்ரீம் கோர்ட்வரை போயிற்று.

2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் 111 தேசிய நீர்வழிகள் பட்டியலிடப்பட்டன. அதில் 13-ஆவது நம் கால்வாய். பூவாறிலிருந்து இரையுமன்துறைவரை சுமார் 11 கிலோமீட்டர். எண் கிடைத்துவிட்டது, வள்ளம்தான் இல்லை. கேரள அரசு தன் பங்குக்கு 616 கிலோமீட்டர் மேற்குக் கடற்கரைக் கால்வாய்த் திட்டத்தை எடுத்திருக்கிறது. அது கோவளத்தில் தொடங்கி வடக்கே பேக்கல்வரை போகிறது. கோவளத்துக்குத் தெற்கே பூவாறு இருப்பது கணக்கில் வரவில்லை. பூவாறு இருக்கும் அதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் விழிஞ்ஞம். அங்கே உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்பதற்கான துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கண்டம் விட்டுக் கண்டம் சரக்கு போகும். பொழியூர்க்காரர் ஒருவர் இரையுமன்துறை உறவுக்காரர் வீட்டுக்குத் தண்ணீர் வழியாகப் போக முடியாது.

அவர் பஸ்ஸில்தான் போக வேண்டும். நேர் பஸ் கிடைக்காவிட்டால் எல்லையில் இறங்கி, தமிழ்நாட்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும்.