தகுதியா, தலைவரின் விருப்பமா?

வெற்றியும் தோல்வியும் ஆடுகளத்தில்தான் முடிவாகின்றன என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஆடுகளத்தில் காலடி வைப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டு விடுகிறது. யார் அணியில் இடம் பெறுவார், யார் வெளியே நிற்பார் என்பதே அது. தோற்றவருக்கு மறுமுறை ஆடும் வாய்ப்பு உண்டு. தேர்ந்தெடுக்கப்படாதவருக்கோ தோற்கும் வாய்ப்புக்கூட இல்லை. எனவே அணித் தேர்வில் நேர்மை என்பது சிறு பொருளன்று.

இதனை ஆராய்வதற்கு, நம் பக்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆண்டுதோறும் மோதும் மாஸ்கோனிக் கோப்பைப் போட்டியே அது. துணி விரித்த மேசை, ஆறு பைகள், கையில் ஒரு கோல்: இதுவே 'பூல்' விளையாட்டு. இப்போட்டியில் ஆடப்படும் ஒன்பது பந்து ஆட்டத்தில், மேசையிலுள்ள பந்துகளுள் மிகக் குறைந்த எண்ணுடையதை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறையாகப் பையில் விழச் செய்பவர் வென்றவராவார். 1954-ஆம் ஆண்டு ஒரே மூச்சில் 526 பந்துகளை வீழ்த்திப் புகழ் பெற்ற அமெரிக்கர் வில்லி மாஸ்கோனி. அவர் 1993-இல் மறைந்தார். மறு ஆண்டு தொடங்கிய இப்போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இன்று ஓர் அணிக்கு ஐவர் ஆடுகின்றனர். முதலில் 11 புள்ளிகள் பெறும் அணிக்குக் கோப்பை. அந்த ஐந்து இடங்களை நிரப்புவது எப்படி என்பதில்தான் ஆண்டுதோறும் வாதம் மூள்கிறது. சில இடங்கள் தரவரிசைப்படி தாமே நிரம்பும். எஞ்சியவற்றுக்கு அணித் தலைவர் தாம் விரும்பியவரை அழைப்பார். இப்படிக் கலந்து தேர்வு செய்வது அண்மைக் கால வழக்கம். எத்தனை இடங்கள் எவ்வகைக்கு உரியவை என்பதோ அவ்வப்போது மாறி வந்திருக்கிறது.

தலைவரின் விருப்பத்துக்கு இடம் வேண்டும் என்போர் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. இப்போட்டியில் இருவர் சேர்ந்து மாறி மாறி ஒவ்வோர் அடி அடிக்கும் இரட்டையர் ஆட்டமும் உண்டு. தனியாக ஆடினால் சிங்கம் போன்றவர், துணைவருடன் ஒத்துப் போகாமல் தடுமாறலாம். ஆரவாரம் செய்யும் கூட்டத்தின் நடுவே கை நடுங்காமல் ஆடுபவர் யார் என்பதையும் எண்களின் பட்டியல் சொல்லிவிடாது. இவற்றை அருகிலிருந்து பார்க்கும் தலைவரே அறிவார் என்கின்றனர்.

இவர்கள் காட்டும் சான்று யோகான் ரைசிங்க். நெதர்லாந்து நாட்டவரான அவர், முன்பு ஐரோப்பிய அணியை வழிநடத்தி வென்றவர். தொடர்ந்து தோற்று வந்த அமெரிக்கா 2017-இல் அவரையே அழைத்துத் தலைமையை ஒப்படைத்தது. 2018-இல் 11-9 என்றும், 2019-இல் 11-8 என்றும் அமெரிக்கா வென்றது. ஆனால் அவர் பொறுப்பேற்ற 2017-இலேயே அவ்வணி 11-4 என்று தோற்றதையும் மறக்கலாகாது. ஒரே தலைவர், ஒருமுறை தோல்வி, இருமுறை வெற்றி. ஆகவே தேர்வு நேர்மையானதா என்பதைக் கோப்பையைக் கொண்டு அளக்க இயலாது. நேர்மையாகத் தேர்ந்த அணியும் தோற்கலாம். பாரபட்சத்தால் தேர்ந்த அணியும் வெல்லலாம்.

அப்படியானால் தரவரிசை ஒன்றே போதுமா? போதாது என்பதே நம் கருத்து. தரவரிசைப் புள்ளிகள், அதற்குரிய போட்டிகளுக்குச் சென்று ஆடியவருக்கே கிடைக்கும். கடல் கடந்து செல்லப் பயணச் செலவு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் வேண்டும். பொருள் வசதி இல்லாத திறமைசாலி வீட்டிலேயே இருந்துவிட்டால் அவர் பெயர் பட்டியலில் கீழே கிடக்கும். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

இதற்கு ஓரளவு மாற்று உண்டு. அமெரிக்காவின் ஃபார்கோ நகரின் பெயரைத் தாங்கிய 'ஃபார்கோரேட்' என்னும் மதிப்பீட்டு முறை, வென்ற ஆட்டங்களோடு எதிராளியின் வலிமையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. இருவருக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், வல்லவர் இரண்டு ஆட்டம் வெல்லும்போது மற்றவர் ஒன்று வெல்வார் என்பது அதன் கணக்கு. உள்ளூரில் ஆடிய ஆட்டமானாலும் முறையாகப் பதிவானால் மதிப்புப் பெறும். ஏழை ஆட்டக்காரருக்கு இது நல்ல துணையன்றோ?

மற்றுமொரு கேள்வியும் எழுகிறது. அணியில் சேரும் உரிமை யாருக்கு? மாஸ்கோவில் பிறந்த ஃபெடோர் கோர்ஸ்ட் 2020-இல் ஐரோப்பாவுக்காக ஆடினார். 2024-இல் அமெரிக்காவுக்காக ஆடினார். இது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய நிலைக்கான விதி, ஆளின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆளைப் பார்த்து எழுதும் விதி விதியாகாது, அது சலுகை.

பெண்களாகிய நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. இப்போட்டியின் தொடக்கக் காலத்தில் ஐரோப்பாவின் அலிசன் ஃபிஷர், அமெரிக்காவின் விவியன் வில்லாரியல் போன்ற மங்கையரும் அணிகளில் ஆடினர். பின்னர் அணிகள் ஆடவருக்கே உரியவை போலாகிவிட்டன. பூல் ஆட்டத்தில் தேவைப்படுவது கண்ணின் கூர்மை, கையின் அமைதி, முன்யோசனை. இரக்கத்தால் ஓர் இடம் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. அளவுகோலைப் பொதுவாக வையுங்கள், அதில் தேறும் பெண்ணை வாசலில் நிறுத்தாதீர்கள் என்றே கேட்கிறோம்.

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். ஐந்து இடங்களுள் மூன்றேனும் முன்கூட்டியே அறிவித்த அளவுகோலின்படி நிரம்பட்டும். எஞ்சியவற்றைத் தலைவர் தேரட்டும். ஆனால் ஏன் தேர்ந்தார் என்பதைத் திறந்த மனத்துடன் அனைவர்க்கும் சொல்லட்டும். வசதியற்றோர் தகுதிப் போட்டிகளுக்குச் செல்ல உதவி கிடைக்கட்டும். தேர்வு பெறாதவருக்கு எதில் குறைந்தார் என்பதை அன்புடன் எடுத்துரைக்கட்டும். காரணம் தெரிந்த ஏமாற்றம் உழைப்பாக மாறும்; காரணம் தெரியாத ஏமாற்றம் கசப்பாகவே தங்கிவிடும்.

அன்புத் தோழியரே, எறிபந்து அணிக்கும், நாடகத்துக்கும், பேச்சுப் போட்டிக்கும் பெயர் எழுதும் தாள் நம் கைக்கும் வருகிறது. நாளை பணியிடங்களிலும் பொது மன்றங்களிலும் இதைவிடப் பெரிய தாள்கள் வரும். அப்போது உயிர்த்தோழியின் பெயரை எழுதக் கை முந்தும். அந்தக் கையைச் சற்றே நிறுத்தி, 'இதற்கான காரணத்தை எல்லார் முன்னிலையிலும் என்னால் சொல்ல முடியுமா?' என்று கேட்டுக்கொள்வோம். சொல்ல முடிந்தால் எழுதுவோம். முடியாவிட்டால் மீண்டும் சிந்திப்போம்.